நோவுத்தணிப்பு: ‘பாலியேட்டிவ் கேர்’ என்பதற்கு என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

கடும் நோயில் வலியையும் மற்ற வேதனைகளையும் தணிக்கும் பராமரிப்பான ‘பாலியேட்டிவ் கேர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இந்த வாரம் முழுவதும் பையில் வைத்துக்கொண்டு நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வந்தேன். ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கும் செவிலி நான். ஒரு சொல் தேறுமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். கட்டிலருகே நின்று, நோயாளியின் காது கேட்க அதைச் சொல்ல முடிய வேண்டும்.

‘இறுதிக்காலப் பராமரிப்பு’ அதில் தேறாது. முன்பு எங்கள் கோப்பின் அட்டையில் அதுதான் அச்சாகியிருந்தது. வாய்ப்புற்று வந்த பெரியவர் ஒருவர், பழைய அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். என் மடியில் கிடந்த கோப்பை எதிரில் உட்கார்ந்தபடியே தலைகீழாகப் படித்துவிட்டார். பேச்சு வராது. சிலேட்டை எடுத்து “எனக்கா?” என்று எழுதிக் காட்டினார். நான் கோப்பைத் திருப்பி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று அன்று தெரியவில்லை. அதன் பிறகு 14 மாதங்கள் இருந்தார். பேத்தியின் காதுகுத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்வந்தார். அந்தப் பதினான்கு மாதமும் அவருக்கு நாங்கள் செய்ததற்கு ‘இறுதி’ என்று பெயர் வைத்தது பிழை. நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்தே, மற்ற சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது இது. புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் அன்று. இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவர்களுக்கும் உரியது.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து ‘நோய் ஆதரவு சிகிச்சை’ என்ற சொல் பரவலாகிவிட்டது. வீட்டு வாசலுக்கே இந்தச் சேவையைக் கொண்டுவந்த திட்டம் என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் சேர்த்துப் படிக்கும்போது ஆதரவு நோய்க்கா, நோயாளிக்கா என்ற ஐயம் எழுகிறது. ‘வலி நிவாரணம்’ தெளிவாக இருக்கிறது, ஆனால் குறுகியது. மூச்சுத்திணறல், குமட்டல், புண்ணின் வாடை, “என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்” என்று தூங்காமல் கிடக்கும் இரவு, இவையெல்லாம் அதில் அடங்கவில்லை.

லத்தீனில் ‘பாலியம்’ என்றால் மேலாடை என்பதைக் காட்டி ஐயா ஒருவர் ‘போர்வை மருத்துவம்’ என்றார். வேண்டாம் ஐயா. நம் ஊரில் போர்த்துவது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். வேர்ச்சொல்லுக்கு அவ்வளவு கட்டுப்படவும் வேண்டியதில்லை. 1970களில் மான்ட்ரியலில் மருத்துவர் பால்ஃபர் மவுன்ட் ‘பாலியேட்டிவ் கேர்’ என்ற பெயரைத் தேர்ந்ததே, இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் இல்லத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹாஸ்பிஸ்’ என்ற சொல் பிரெஞ்சில் ஆதரவற்றோர் விடுதியை நினைவூட்டியதால்தான். கேட்பவர் மனம் என்ன நினைக்கும் என்பதை வைத்துத்தான் அவரும் முடிவு செய்தார்.

என் பரிந்துரை ‘நோவுத்தணிப்பு’. யாழ்ப்பாணத்தில் இன்றும் தலை நோகிறது, கால் நோகிறது என்பது அன்றாடப் பேச்சு. இங்கே உடம்பு நோகிறது என்கிறோம், மனம் நோகிறது என்றும் சொல்கிறோம். உடலுக்கும் மனத்துக்கும் ஒரே சொல். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்து நோவதை ‘டோட்டல் பெயின்’ என்றார். அதை ‘முழுநோவு’ என்று சொல்லிவிடலாம். அவரும் செவிலியாகத் தொடங்கியவர்தான்.

> தணிப்பு என்றால் பாதியில் விட்ட வேலை போலத் தொனிக்கிறதே?

இழையில் இப்படிக் கேட்ட அக்காவுக்கு: அப்படி எனக்குத் தோன்றவில்லை. “நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி” என்றுதானே குறள் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. விழுங்க முடியாமல் போன கடைசி நாட்களில், துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துவோம். காய்ந்து ஒட்டிய உதடு மெல்லப் பிரியும். நெற்றிச் சுருக்கம் விடும். தாகம் தணிந்தது என்போம். குணமாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. அதனால் அது குறைந்த வேலையாகிவிடுமா?

இனி, தமிழ் தேட வேண்டிய இன்னொரு சொல், ‘பிரேக்த்ரூ பெயின்’. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் என்ற வலி மாத்திரை கொடுத்தும் நடுவில் திடீரென்று பாய்கிற வலி. அதற்கென்று தனியாக ஒரு வேளை மருந்து எழுதிக் கொடுத்திருப்போம். வீட்டில் வலியைக் குறித்துவைக்க நாங்கள் கொடுக்கும் குறிப்பேட்டில் அதை ‘இடைவலி’ என்று அச்சிட்டோம். மூன்று வீடுகளில் இடுப்பு வலி என்று படித்து, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். நான்காவது வீட்டில் மகள், அச்சிட்டதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: “மாத்திரையை மீறி வந்த வலி, இரவு 2.10.” அவள் எழுதியதிலிருந்து ‘மீறுவலி’ என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அடுத்த மாதம் குறிப்பேட்டை மறுபடி அச்சுக்குக் கொடுக்கிறோம். இந்த இரண்டு சொற்களிலும் இலக்கணப் பிழை இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.