தேவதூதன் நாயகனானால் வில்லனுக்கு என்ன வேலை?

மைக்கூடு:
22 பக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஒன்று எழுதி வரைகிறேன். நாயகன் நிஜமான தேவதூதன். ஆறாம் பக்கத்திலேயே வில்லன் காலி! சாவே இல்லாதவனுக்கு எதை வைத்து ஆபத்து காட்டுவது? சிறகு வரைவதும் உதைக்கிறது. மடக்கினால் முதுகில் மூட்டை கட்டின மாதிரி இருக்கிறது.

பழைய இதழ்:
பலத்தைக் குறைக்காதீர்கள், சொர்க்கத்தோடு உள்ள தொடர்பை அறுத்துவிடுங்கள். டிசி காமிக்ஸின் தேவதூத நாயகன் ஸாரியலைப் பாருங்கள் (ஜேஎல்ஏ தொடரின் 6-ஆம் இதழ், 1997, எழுத்து கிராண்ட் மாரிசன், ஓவியம் ஹோவர்ட் போர்ட்டர்). மனிதப் பெண்ணைக் காதலித்துச் சாகாவரத்தைத் துறந்து இறங்குகிறான். அவனைத் தேடி படையோடு வரும் அஸ்மோடெலும் தேவதூதன்தான், கலகத்துக்குத் திட்டமிடுபவன். அடிக்கு அடி சமம், கூடவே பழைய பகை. உங்கள் வில்லன் ஆறாம் பக்கத்தில் விழுவதற்குக் காரணம் அவன் வெறும் மனிதன் என்பதுதான்.

கட்டம்கட்டி:
இன்னொரு வழி, சட்டதிட்டம். ஸ்பான் காமிக்ஸின் 9-ஆம் இதழில் (1993) அறிமுகமான தேவதூதப் பெண் ஏஞ்செலா நரகத்து வீரர்களை வேட்டையாடுபவள். அந்த வேட்டைக்கே அனுமதி வேண்டும்! அனுமதி இல்லாமல் வேட்டையாடினாள் என்று 1994-ல் தொடங்கிய தனித்தொடரில் சொர்க்கமே அவளை விசாரணைக்கு இழுக்கிறது. மேலிடத்து அலுவலகம் போதும், அசுரன் தேவையில்லை. (பிறகு மார்வெல் காமிக்ஸுக்குப் போய் நார்ஸ் புராணக் கடவுள் ஓடினின் மகளாகிவிட்டாள், அது வேறு கதை.)

வசனத்தில் 'தேவதை' என்று எழுதாதீர்கள். ஈட்டியோடு நிற்பவனை அந்தச் சொல் பூச்செண்டோடு நிற்க வைத்துவிடும்.

தூரிகை:
சிறகுக்கு வருகிறேன். அது விசிறி அல்ல, இன்னொரு கை. தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றையும் முதலில் பென்சிலில் போடுங்கள். நீண்ட இறகுகள் மணிக்கட்டுக்கு அப்பால், அடுத்த வரிசை முன்கையில். மடக்கும்போது நீண்டவை அந்த வரிசைக்கு அடியில் நுழையும். உங்கள் மூட்டை அதனால்தான், எல்லா இறகும் ஒரே புள்ளியில் முளைக்கிறது. 6 அடி ஆளுக்கு மொத்த விரிப்பு 15 அடி வையுங்கள். மடக்கினால் மணிக்கட்டு காதுயரத்தில், நுனி கெண்டைக்காலில் நிற்கும். அதைவிடப் பெரிதாக்கினால் தரையைப் பெருக்கும்.

சட்டைக்குள் மறைக்க வேண்டுமா? 1963-ல் எக்ஸ்-மென் முதல் இதழிலேயே வாரன் வொர்திங்டன் சிறகை வார்போட்டு இறுக்கிக்கட்டிக் கோட்டுக்குள் ஒளித்துவிட்டான். அவன் மியூட்டன்ட்தான் (பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ள மனிதன்), தேவதூதன் இல்லை. ஆனாலும் அந்த வார் உங்களுக்கும் உதவும்.

மைக்கூடு:
அப்போ விரித்த சிறகு வரும் கட்டத்தில் வசன பலூன் எங்கே?

தூரிகை:
பக்க அகலம் முழுக்க ஒரே கட்டம், பலூன் காலடியில். சிறகின் மேல் வைத்தால் வரைந்ததே வீண்.