‘வளவு வீட்டுப் புள்ளிகள்’ குடும்ப அரட்டைக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சொக்கலிங்கம் 6:52
எல்லாரும் பாருங்க. அப்பச்சி மாதிரிப் பக்கவாதம் வந்தவுகளத் தலையில காந்தம் வச்சு 10 நாள்ல நடக்க வைக்கிறாகளாம். சென்னையில ஒரு சென்டர். போன் போட்டுக் கேட்டேன். 2 லட்சம், தங்குற செலவு தனி. பிள்ளையார் நோன்புக்கு இன்னும் 15 நாள் இருக்கு. இந்த வருசமும் அப்பச்சிதான் நின்னு இழை (நூல்திரி வச்ச மாவு விளக்கு) எடுத்துக் குடுக்கணும்னு ஆத்தாவுக்கு ஆசை. இன்னைக்கே பணம் கட்டச் சொல்றாக. என்ன செய்யலாம்?

லெட்சுமணன் 6:58
அண்ணனுக்கு நல்லதுன்னா செய்யி. பணத்தப் பாத்துக்கலாம்

வள்ளியம்மை ஆச்சி 7:01
உமையா எந்திரிச்சாளா. பிசியோதெரபி பாக்குறவ, அவளக் கேளுங்க
இழைத் திரிக்குக் கோடி வேட்டில தெனம் ஒரு நூல் எடுக்குறத யாரு பாக்குறா

சிகப்பி 7:03
ஆத்தாதான் அயித்தை. நேத்தோட 6 நூல்

முத்துராமன் 7:04
(படம்: குன்றக்குடி முருகன். இனிய ஞாயிறு வணக்கம்)

உமையாள் 7:31
அயித்தான், பணம் கட்டிறாதீங்க. நீளமாத்தான் எழுதுறேன், முழுசாப் படிங்க.

அது பொய் வைத்தியம் இல்ல. 1985ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஆண்டனி பார்க்கரும் அவரு கூட இருந்தவுகளும் செஞ்சு காட்டுனது. தலைக்கு மேல ஒரு கம்பிச்சுருள வச்சு வெடுக்குனு மின்சாரம் விடுவாக. அதுல பொறக்குற காந்தப்புலம் மண்டையோட்டத் தாண்டிப் போயி மூளைக்குள்ள கொஞ்சமா மின்சாரத்தக் கெளப்பும். அறுக்குறது, துளைக்கிறது ஒண்ணும் கெடையாது. நொடிக்கு 1 தட்டுனு குடுத்தா அந்த எடம் அடங்கும். 5, 10னு குடுத்தா முழிச்சுக்கிரும். அம்மானுக்கு, அதான் உங்க அப்பச்சிக்கு, ரத்தக்குழா அடைப்பு எடது மூளையில. நல்லா இருக்குற வலது பக்கம் அத அமுக்கி வைக்குதுங்கிறது ஒரு கருத்து. அதனால வலத அடக்குவாக, இல்லாட்டி எடத எழுப்புவாக.

சிக்கல் எங்கேன்னா, கைக்கு உண்டான எடம் மூளையில மேலாப்புல இருக்கு. காலுக்கு உண்டானது ரெண்டு பாதியும் சேருற நடு இடுக்குல உள்ள எறங்கி இருக்கு. கைக்கு வைக்கிற எட்டு மாதிரிச் சுருள் அம்புட்டு ஆழம் எட்டுறது கஷ்டம். காலுக்குன்னு வளைஞ்ச ரெட்டைச் சுருள் இருக்கு. அந்த சென்டர்ல அது இருக்கான்னு கேட்டீகளா?

சொக்கலிங்கம் 7:33
கேக்கல

லெட்சுமணன் 7:34
நடப்பாகளா மாட்டாகளா, அத மட்டும் சொல்லு ஆத்தா

உமையாள் 7:40
இப்பவே நடக்குறாக சின்னம்மான். எப்படி நடக்குறாகங்கிறதுதான் விசயம். போன வாரம் வந்தப்ப அவுக வலது செருப்பத் திருப்பிப் பாத்தேன். பெருவெரல் பக்கம் மட்டும் தேஞ்சு உள் அட்டை தெரியுது. பாதம் தூக்கல, தரையில இழுபடுது. அத மறைக்கத்தான் இடுப்பத் தூக்கிக் கால அரைவட்டமாச் சுத்தி வைக்கிறாக. ஆத்தங்குடிக் கல்லுத் தரையில ஈரம் இருந்தா அப்படியே வழுக்கிரும்.

முத்தத்தச் சுத்துன வளவுல டேப்பு பிடிச்சு அளந்தேன். 10 மீட்டருக்கு 38 நொடி. 25 நொடிக்குள்ள வந்தா வீட்டத் தாண்டி வெளிய கொஞ்சம் போய்வரலாம். எங்க கணக்கு அதுதான். ஆடியில விழுந்தப்ப ஒக்காரக்கூட முடியாதவுக. 4 மாசத்துல இது பெருசு.

வள்ளியம்மை ஆச்சி 7:42
புறா ரத்தம் தேச்சா சீக்கிரம் வரும்னு கோட்டையூர்ல சொன்னாக. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது

உமையாள் 7:43
ஆத்தா வேணாம். தோலுக்கு மேல தேய்க்கிற ரத்தம் மூளைக்குப் போகாது. நோன்பு மாசத்துல ஒரு உசுர வேற கொல்லணுமா

சிகப்பி 7:45
இன்னொண்ணு இருக்குன்னு படிச்சேன் உமையா. பேட்டரில மின்சாரம் குடுக்குறது

உமையாள் 7:52
ஆமா, அது வேற. உப்புத்தண்ணில நனைச்ச பஞ்ச தலையில வச்சு 1, 2 மில்லி ஆம்பியர் விடுவாக, 20 நிமிசம் போல. அரிப்பு மாதிரி லேசாத் தெரியும். அது மூளைய வேலை செய்ய வைக்காது, வேலை செய்யத் தோதாக்கும், அம்புட்டுத்தான். அந்த நேரத்துல நடக்கப் பழகணும். காந்தமும் அப்படித்தான். வச்சுட்டுப் படுத்துக் கெடந்தா நடை வராது. நடை விசயத்துல நடந்த ஆராய்ச்சி நெறையச் சின்னச் சின்னது. சிலதுல வேகம் கொஞ்சம் கூடுச்சு, சிலதுல வித்தியாசமே இல்ல. 10 நாள்ல நடக்க வைப்பேன்னு எவரும் எழுதித் தர முடியாது.

அயித்தான், முக்கியமா ஒண்ணு. தலைக்குள்ள உலோகக் கிளிப்பு, நெஞ்சுல பேஸ்மேக்கர் எதுவும் இல்லைன்னு தெரியும். ஆஸ்பத்திரில இருந்தப்ப வலிப்பு ஏதாச்சும் வந்துச்சா?

சொக்கலிங்கம் 8:10
வந்துச்சு. ரெண்டாம் நாள் ராத்திரி, ஒரு தடவ. மாத்திரை இப்பவும் ஓடுது

லெட்சுமணன் 8:11
என்னடா இது. எங்கிட்ட நீ சொல்லவே இல்ல

சொக்கலிங்கம் 8:12
ஆத்தா பயந்துருவாகன்னு யாருகிட்டயும் சொல்லல சித்தப்பா

லெட்சுமணன் 8:14
நான் யாரோவா? வீட்டுக் கூரை ஓடு மாத்துன கணக்கும் முடிஞ்ச பொறகுதான் வந்துச்சு, இதுவும் முடிஞ்ச பொறகு

சிகப்பி 8:15
சித்தப்பா இப்ப ஓட்டுக் கணக்கு வேணாம்

வள்ளியம்மை ஆச்சி 8:16
சண்ட போடாதீக. அண்ணன் கேட்டா மனசு ஒடஞ்சு போவாக

உமையாள் 8:24
அயித்தான், சொன்னது நல்லதாப் போச்சு. காந்தத்தால வலிப்பு வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா ஏற்கெனவே வந்தவுகளுக்கு நரம்பு டாக்டர் பாத்துச் சொல்லாம வைக்கவே கூடாது. உங்க போன்ல இதக் கேக்காமப் பணத்த மட்டும் கேட்டாக பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. புதன்கெழம அம்மான மதுரைக்குக் கூட்டியாங்க. பழைய டாக்டரையே பாப்போம், நானும் வாரேன்.

அதுவரைக்கும் வீட்டுப் பயிற்சி. இத ரெண்டாந்தரம்னு நெனைக்காதீக. 2011ல வந்த அமெரிக்க ஆராய்ச்சில பக்கவாதம் வந்த 408 பேர வச்சுப் பாத்தாக. பாதிப் பேருக்கு மேல கச்சையில தொங்கவிட்டு ட்ரெட்மில்லுல நடக்க வச்சாக, மத்தவுகளுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போயி பலத்துக்கும் நிதானத்துக்கும் பயிற்சி குடுத்தாக. 36 தடவ, தடவைக்கு 90 நிமிசம். வருச முடிவுல ரெண்டும் ஒண்ணுதான், 52 சதவீதம் பேரு நடையில மேல ஏறியிருந்தாக. வாதம் வந்து 6 மாசம் கழிச்சு ட்ரெட்மில் ஆரம்பிச்சவுகளும் அதுல இருக்காக. அதனால “4 மாசம் ஆச்சு, இனி அம்புட்டுத்தான்”னு அம்மான் காதுபட யாரும் பேசாதீக. போன தடவ ஒருத்தர் பேசுனத அவுக எங்கிட்டச் சொல்லி அழுதாக.

சொக்கலிங்கம் 8:27
சரி உமையா. பணம் கட்டல. என்ன வேணும் சொல்லு

உமையாள் 8:33
பிடிச்சு நடக்க ரெண்டு பக்கமும் கம்பி. வளவுல தூணுக்குத் தூண். முக்காலிய எடுத்துட்டு ஒசரமான நாற்காலி, கையூன்றாம எந்திரிச்சு ஒக்காரணும், காலைல 10 மாலைல 10. பாதம் தொங்காம இருக்கப் பிளாஸ்டிக் அச்சு, அத நான் அளவெடுத்துச் செய்யச் சொல்லிட்டேன். பட்டாலைப் படில தனியா ஏற விடாதீக.

முத்துராமன் 8:36
தூணுல ஆணி அடிக்கக் கூடாது. பர்மாத் தேக்கு. பங்காளிகளக் கேக்காம ஒரு துளை விழுந்தா நான் ஒத்துக்க மாட்டேன். வெள்ளை முட்டைப்பூச்சுச் செவுத்துலயும் கூடாது

சொக்கலிங்கம் 8:37
அண்ணே அப்பச்சி நடக்கணும்ணே

முத்துராமன் 8:38
நடக்க வேணாம்னா சொன்னேன். ஆணி வேணாம்னேன்

லெட்சுமணன் 8:41
கல்யாணத்துக்குப் பந்தக்காலு ஆணியிலயா நின்னுச்சு. சவுக்குக் கம்பக் கயிறு போட்டுக் கட்டு

உமையாள் 8:42
அது போதும் சின்னம்மான்! இடுப்பு ஒசரத்துல, அசையாம இருக்கணும். கட்டுன பொறகு யாராச்சும் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பாருங்க

சிகப்பி 8:44
நோன்புக்கு நிக்க முடியலைன்னா?

வள்ளியம்மை ஆச்சி 8:46
ஒக்காந்து குடுத்தா பிள்ளையாரு வாங்க மாட்டாரா. எங்க அப்பச்சி கடைசி ரெண்டு வருசம் பாயில இருந்துதான் குடுத்தாக

சிகப்பி 8:47
இழை மாவு இந்தத் தடவ யாரு பிடிக்கிறா? ஆத்தாவால ரெண்டையும் பாக்க முடியாது

முத்துராமன் 8:49
எங்க வீட்டுல கேட்டுச் சொல்றேன்

சொக்கலிங்கம் 9:20
புதன் காருக்குச் சொல்லிட்டேன். சித்தப்பா நீங்க வாரீகளா?

லெட்சுமணன் 9:31
பாக்குறேன்

சொக்கலிங்கம் 11:05
ஆசாரி சவுக்கு 4 கொண்டாந்து போட்டுட்டாரு. கயிறு பத்தல

முத்துராமன் 11:07
என் பங்கு ரெட்டைவீட்டு அறையில பரண்ல தேங்கா நாரு கயிறு கெடக்கு, சாவி தெய்வானைகிட்ட. மேற்குப் பக்கம் கடைசித் தூணுல மட்டும் கட்டாதீக, அடியில அரிச்சிருக்கு