டிரில்ல மாட்டுற கை ஸ்பாரிங்ல ஏன் மாட்டல?

ஒத்தைக்குத்து:
எட்டு மாசமா கிளாஸ்ல இதே டிரில்தாங்க. எதிர்ல இருக்கறவர் வலது கையால நேரா குத்துவார், நான் வெளிப்பக்கமா தட்டிட்டு உள்ள போய் முழங்கையைப் புடிச்சு மடக்கணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பண்ணுவேன். போன வாரம்தான் முதல் ஸ்பாரிங், அதாவது எதிராளி இஷ்டப்படி குத்த, நிஜமா மோதிப் பழகறது. குத்தின கை குத்தின வேகத்துலயே திரும்பிப் போயிடுச்சு, நான் புடிக்கப் போன இடத்துல கையே இல்ல, அடுத்த குத்து என் மூக்குல. டிரில்ல அந்தக் கை எனக்காகவே அங்க நின்னுட்டு இருந்திருக்கு, இத்தனை மாசத்துல ஒருத்தர்கூட சொல்லல. இனிமே டிரில்லே வேணாம்னு தோணுது.

பாய்மேல்பாதி:
சரியாத்தான் தோணுது சகோ. 1993-ல, வெவ்வேற கலைக்காரங்க ஒருத்தரோட ஒருத்தர் மோதுற யுஎஃப்சி போட்டி முதல் தடவையா நடந்தப்போ ராய்ஸ் கிரேசி தன்னைவிட பெரிய ஆளுங்களையும் சேர்த்து ஒரே ராத்திரியில மூணு பேரை ஜெயிச்சார். அவங்க வீட்டு ஜியு-ஜிட்சுங்கற பிடிச்சு மடக்குற கலையில திமிறுற ஆள் மேலதான் பழக்கமே. திமிறாத ஆள் மேல எத்தனை வருஷம் பண்ணாலும் ஸ்டெப்தான் மனப்பாடமாகும்.

கட்டாப்பிரியன்:
அவசரப்படாதீங்க. சேர்ந்த ரெண்டாவது வாரமே ஸ்பாரிங்ல தள்ளின பசங்களை நான் பார்த்திருக்கேன். கை தூக்கினாலே கண்ணை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்குவாங்க, தாடை மேல போயிடும், அந்தப் பழக்கத்தை உடைக்க ஒரு வருஷம் ஆச்சு. 1882-ல ஜூடோவை ஆரம்பிச்ச கானோ ஜிகோரோ ரான்டோரியை, அதாவது எதிராளி திமிற திமிற பழகறதை, அவ்வளவு முக்கியமா வெச்சவர், அவரே முன்கூட்டியே முடிவு பண்ணின அசைவுகளை அப்படியே பண்ற கட்டாவைத் தூக்கிப் போடலையே?

பாய்மேல்பாதி:
அண்ணா, நீங்க சொன்ன கானோவையே எடுத்துக்குவோம். ஜூடோவுல குத்து, உதையெல்லாம் கட்டாவுக்குள்ள மட்டும் வெச்சார், த்ரோவை ரான்டோரியில விட்டார். இன்னைக்கு எந்த ஜூடோக்காரர் குத்துல பேர் வாங்கியிருக்கார்? த்ரோதானே உயிரோட இருக்கு.

கட்டாப்பிரியன்:
அது நல்ல பாயிண்ட்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த த்ரோவைத் தீட்டினது உச்சிகோமி இல்லையா? ஆளைத் தூக்கி எறியாம உள்ள நுழையறதை மட்டும் திரும்பத் திரும்பப் பண்றது, அப்போ பார்ட்னர் பேசாமத்தான் நிப்பார். காலை எங்க வைக்கணும்னு உடம்புக்குத் தெரியாத ஆள் ரான்டோரிக்குப் போனா இழுபறிதான் நடக்கும்.

மூணாவதுமணி:
கொஞ்ச வருஷமா சொல்லித் தர்றவன்ங்கறதால சொல்றேன். ஒத்தைக்குத்து தம்பி, அதே டிரில்லை வெச்சுக்கோங்க, ஒவ்வொண்ணா அவிழ்த்து விடுங்க. முதல்ல அவர் குத்தின கையை உடனே இழுக்கட்டும். அது பழகினதும் இடதா வலதான்னு உங்களுக்குத் தெரியாம வரட்டும், அப்புறம் நீங்க பிடிக்கறப்ப ரெண்டாவது குத்தும் விடலாம்னு சொல்லுங்க. வேகம் பாதி போதும், ஆனா நீங்க ஜெயிக்கணும்னு அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது. இன்னொண்ணு, நிஜமா பழகறோம்னு வாரா வாரம் தலையில பலமா வாங்காதீங்க. ஹெட்கியர் போட்டா வெட்டுக்காயம் குறையும், உள்ள மூளை குலுங்கறதை அது நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்ல ஆண்கள் பாக்சிங்ல ஹெட்கியரையே எடுத்துட்டாங்க, அதைப் போட்டுட்டா பத்திரம்னு நம்பி யாரும் முழு பலத்துல அடிச்சுக்காதீங்க.

பாய்மேல்பாதி:
இந்த மாதிரி டிரில்னா எனக்கு சண்டையே இல்ல. ஆனா பாதி கிளாஸ்ல முதல் படியிலயே வருஷக்கணக்கா நிறுத்தி பெல்ட் மேல பெல்ட் கொடுக்கறாங்களே, என் கோவமே அதுலதான்.

கட்டாப்பிரியன்:
அந்தக் கோவம் எனக்கும் உண்டு. முதல் படியே வேணாம்னு சொன்னாதான் மறுபடி வருவேன்.

ஒத்தைக்குத்து:
நேத்து பண்ணிப் பார்த்தோம். கையை உடனே இழுக்கச் சொல்லி இருபது தடவை, ரெண்டு தடவைதான் மாட்டுச்சு. ரெண்டுமே அவர் எட்டாத தூரத்துல இருந்து குத்தி, எடை முன்னங்கால்ல விழுந்து முன்னால சாஞ்சப்போ. நிமிர்ந்து நின்னு குத்தினப்போ கிட்டயே போக முடியல. இவ்வளவு நாளா கையை மட்டும் பார்த்துட்டு இருந்திருக்கேன். அடுத்த கிளாஸ்ல நான் அரை அடி பின்னால நின்னு அவரை எட்டி எட்டிக் குத்த வைக்கப் போறேன், என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன்.