ஹைப்ரிட் எஸ்ஏசிடி: பழைய பிளேயர் ‘டிஸ்க் இல்லை’ என்கிறது

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். 1990-களில் அப்பா வாங்கிய சிடி பிளேயர். சிடி மட்டுமே படிக்கும். போன மாதம் வாங்கிய ஹைப்ரிட் சூப்பர் ஆடியோ சிடியைப் (எஸ்ஏசிடி; உயர்தர ஒலி அடுக்கும் சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்த டிஸ்க்) போட்டால் சற்று நேரம் சுழன்று, ‘டிஸ்க் இல்லை’ என்று காட்டி நின்றுவிடுகிறது. சிடி அடுக்கே இல்லாத ஒற்றை அடுக்கு எஸ்ஏசிடி என்றால் குறை சொல்ல மாட்டேன். இதன் உறையில் சிடி முத்திரையும் இருக்கிறது.

0.6 மி.மீ. ஆழத்திலுள்ள உயர்தர அடுக்கு ஒளியை ஓரளவு ஊடுருவவிடும். சிடி பிளேயரின் 780 நானோமீட்டர் லேசர் அதைக் கடந்து 1.2 மி.மீ. ஆழத்திலுள்ள சாதாரண சிடி அடுக்கைப் படிக்க வேண்டும். 1999-இல் எஸ்ஏசிடி வந்ததற்கு முந்தைய பிளேயர்களுக்கும் இது பொருந்தும் என்றுதான் சொல்கிறார்கள்.

லென்ஸைத் துடைத்துவிட்டேன். டிஸ்க்கில் கீறல் இல்லை. நண்பரின் கார் பிளேயரிலும் என் கணினியிலும் ஒழுங்காகப் பாடுகிறது. கடையில் வாங்கிய சாதாரண சிடிகள் இந்தப் பிளேயரில் சிக்கலின்றி ஓடுகின்றன, நாமே பதிவுசெய்யும் சிடி-ஆர் மட்டும் திக்குகிறது. லாமிங்டன் சாலையில் ஒரு கடைக்காரர் லேசர் பிக்கப்பை (டிஸ்க்கைப் படிக்கும் லேசர், லென்ஸ் பகுதி) மாற்றச் சொன்னார். அடுத்த கடைக்காரர் டிஸ்க் போலி என்றார். பார்க்காமலே சொன்ன தீர்ப்பு அது!

ஹைப்ரிட் டிஸ்க்கில் சிடி அடுக்கிலிருந்து திரும்பும் ஒளி சற்றுக் குறைவு என்பதால், வயதான லேசர்தான் தடுமாறுகிறதா என்பதைப் பிக்கப்பை மாற்றும் முன்பே எப்படி உறுதிசெய்வது?