'நீர்வழி வித்துப் பரம்பல்' வேண்டாம், 'நீர்க்காவுகை' எனலாமா?

மட்டக்களப்பிலிருந்து:

வணக்கம். தண்ணீர் வித்தையோ செடியையோ கொண்டுபோய்ப் பரப்புவது 'ஹைட்ரோகோரி'. அதற்குத் தமிழில் முன்மொழிந்த 'நீர்வழி வித்துப் பரம்பல்' இரண்டு இடத்தில் இடறுகிறது.

முதலில் வித்து. வாவியோரக் கண்டல் மரங்கள் பலவற்றில் வித்து தாய்மரத்திலேயே முளைத்துவிடும். பாடநூல் இதைச் சீவசமுளைத்தல் என்கிறது. மரத்திலிருந்து விழுவது வித்தல்ல, முருங்கைக்காய் போல நீண்ட நாற்று. ரைசோபோரா முக்குரோனாற்றா என்ற கண்டல் வகையில் அது அரை மீற்றரையும் தாண்டும். புதிதில் கிடையாக மிதக்கும். நாட்செல்ல வேர்ப்பக்கம் கனத்து நிமிரும். ஆழங்குறைந்த சேற்றில் நுனி தட்டினால் வேர்விடும். ஆற்றுவாழையிலும் (ஆகாயத்தாமரை) அப்படித்தான்: வித்து உண்டு, ஆனால் வாய்க்காலை அடைப்பது ஓடுதண்டறுந்து மிதந்து வரும் செடி.

அடுத்தது பரம்பல். புள்ளிவிபரவியலில் 'செவ்வன் பரம்பல்', உயிரினங்களுக்குப் 'புவியியற் பரம்பல்' என்று அது ஏற்கனவே விரவிக் கிடக்கும் நிலைக்குப் போய்விட்டது. நமக்கு வேண்டியது நகர்ச்சி.

காவுதல் என்றால் சுமந்து செல்லல். நுளம்பை (கொசுவை) நோய்க்காவி என்கிறோம். ஆகவே நீர்க்காவுகை, கூடவே காற்றுக்காவுகை, விலங்குக்காவுகை.

அக்கரைப்பற்றிலிருந்து:

ஐயா, தமிழகத்தில் காவு என்றால் பலி. சிரிப்பார்கள். தேங்காய், கடற்கரை அடம்பன் கொடியின் வித்து எல்லாம் மிதந்துதானே வருகின்றன? 'மிதவைப் பரம்பல்' போதாதா?

மட்டக்களப்பிலிருந்து:

காவடி அங்கேயும் உண்டு தம்பி, அது இந்தக் காவுதான்.

மிதப்பது ஒரு வகை மட்டுமே. அல்லி வித்தைச் சுற்றிய பஞ்சு போன்ற உறையில் காற்றுக்குமிழ் இருக்கும்வரை மிதக்கும். காற்றுப் போனதும் தாழும். தாழ்ந்ததும் வெள்ளத்தில் அடியோடு உருண்டு போகலாம். வட்டையில் (வயல்வெளியில்) இதன் விளைவு தெரியும்: பன்றிநெல் என்ற களைநெல் வராமல் வக்கடையில் (வரம்பில் நீர் பாயும் வாயில்) வலை கட்டினால் மிதப்பது மட்டும் சிக்கும். வலையின் அடி சேற்றில் புதையாவிட்டால் தாழ்ந்தது கீழால் நுழைந்துவிடும். மேலால் வழிந்தாலும் வீண். சேரும் குப்பையை அடிக்கடி வாரவேண்டும்.

ஆகவே நீர்க்காவுகை பொதுச்சொல். அதற்குள் மிதப்புக்காவுகை, அடியோட்டக்காவுகை, மழைத்துளி தட்டி வித்துச் சிதறுவதற்கு மழைத்தெறிகை.

அக்கரைப்பற்றிலிருந்து:

சரி. அப்படியென்றால் நனைந்ததும் பட்டென்று வெடிக்கும் ரூவெலியாச் செடியின் காய்? தண்ணீர்தானே காரணம்?

மட்டக்களப்பிலிருந்து:

அங்கே தண்ணீர் தூண்டுகிறது, காவவில்லை. வித்தை எறிவது காயின் இழுவிசை. அது தன்வீச்சு. 'பரம்பல்' என்று வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்க முடியாது. 'மழைத்தெறிகை'தான் எனக்கே திருப்தியில்லை. காவுகையில் முடியும் சொல் இருந்தால் தாருங்கள்.