மாரிக்கு முன் வீட்டை இதமாக்கிய அனுபவங்கள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலிருந்து

வாவிக்கரை, கல்லடி

ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவுகள் ஒக்டோபர் பிறந்ததும் வாசற்படியில் பூசணிக்காய்களை அடுக்கி, செம்மஞ்சள் நிறத்தில் திரைச்சேலை மாற்றி, கம்பளிப் போர்வையைச் சாய்மனைக்கதிரையின் கையில் மடித்துப் போட்டுப் படம் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுடைய ஊருக்கு அது பொருத்தமான அலங்காரம்தான். மேப்பிள் இலையின் பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியே தெரிகின்ற காலம் அது. ஒக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமையில் கனடாவில் நன்றி நவிலும் நாள் வருகிறது, அதன் பின்னாலேயே குளிரும் வருகிறது. நமக்கு அதே மாதங்களில் வருவது மழை. ஒக்டோபர், நவம்பரில் பருவங்களுக்கு இடைப்பட்ட மழையும், டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்றின் மழையுமாக, ஆண்டு மழையின் பெரும்பங்கை இந்தச் சில மாதங்களிலேயே வாங்கிக்கொள்கிறோம். அப்போதும் இரவு வெப்பநிலை 23 பாகை செல்சியஸ் அளவுக்குத்தான் இறங்குகிறது. ஆகவே இங்கே வீட்டை இதமாக்குவது என்றால் முதலில் ஈரத்தைச் சமாளிக்க வேண்டும், மற்ற அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை எனக்கு அருகிலிருந்து காட்டியது மச்சாளின் மகளுடைய வருகை. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஐப்பசியில் வந்து, தாய்க்குச் சீதனமாகக் கிடைத்துப் பல காலம் பூட்டிக் கிடந்த கல்லடி வீட்டில் தை பிறக்கும்வரை தங்கினாள். (பெண்பிள்ளைக்கே வீடு போகின்ற ஊர் என்பதால், நம் பகுதியில் பூட்டிய வீடுகள் பலவற்றின் திறப்புகள் வெளிநாட்டுப் பெண்களின் கைப்பைகளில்தான் இருக்கின்றன.) வந்த வாரமே மண்டபத்துக்குத் தடித்த கம்பளமும், தரையைத் தொடும் வெல்வெற் திரைச்சேலையும், ஒரு குவியல் பஞ்சுத் தலையணைகளும் வாங்கிப் போட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தீபாவளி கழிந்து மழை விடாமல் பிடித்துக்கொண்டதும், கதவைத் திறக்கும்போதே ஒரு புளித்த வாடை முகத்தில் அடிக்கத் தொடங்கியது. கம்பளத்தின் மூலையைத் தூக்கிப் பார்த்தோம். சீமெந்துத் தரை வியர்த்துக் கிடந்தது. கம்பளத்தின் அடிப்புறத்துச் சணல் பின்னலின் கோடுகளைப் பிடித்துக்கொண்டே கறுப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடியிருந்தன, விரலால் தேய்த்தபோது மை போல ஒட்டின.

கம்பளமும் வெல்வெற்றும் அன்றே வெளியேறின. அவற்றின் இடத்துக்கு ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து சிவப்பும் ஊதாவும் சாயமேற்றிய பன்பாய்கள் இரண்டை எடுத்து வந்தோம். பன்பாயைக்கூட மாரியில் நாள்முழுதும் தரையில் விரித்து வைக்கக் கூடாது. பின்னேரம் விரித்து, காலையில் சுருட்டி, காற்றுப் படும் கொடியில் தொங்கவிட வேண்டும். சுருட்டிய பாயின் வாசமே வீட்டுக்கு ஒரு களையைத் தருகிறது என்று அந்தப் பிள்ளை சொன்னாள், அது உண்மைதான். பிறகு அலுமாரிகளைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை முன்னுக்கு இழுத்தோம். சுவரோடு ஒட்டிய அலுமாரியின் முதுகில் காற்றுப் படாமல் பூஞ்சணம் பிடிப்பதும், அதற்குள் இருக்கும் சேலை மடிப்புகளில் அது இறங்குவதும் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது.

யன்னல் விடயத்தில் நம் பெரியவர்கள் செய்ததைத்தான் நானும் செய்யச் சொன்னேன். மாரிக்காற்றும் சாரலும் வடகிழக்கிலிருந்து, கடற்பக்கமாக வருகின்றன. அந்தப் பக்க யன்னல்களை அடைத்துவிட்டு, வாவியைப் பார்த்த மேற்குப் பக்க யன்னல்களை மழை நேரத்திலும் சற்றே திறந்து வைத்தால், வீட்டுக்குள் மூச்சு முட்டாது, தண்ணீரும் அடிக்காது. ஆகவே உட்காரும் இடத்தையும் மேற்கு யன்னலடிக்கே மாற்றினோம். ஒரு சாய்மனைக்கதிரை, ஒரு சிறு மேசை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். எல்லா மூலைகளையும் நிரப்பினால் எல்லா மூலைகளையும் துடைக்க வேண்டும், மாரியில் அதற்கு யாருக்கு முடியும்?

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. கடையில் பல்ப் கேட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று பெட்டியில் அச்சிட்ட வெள்ளை வெளிச்சத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். மழை இருட்டில் அது வைத்தியசாலை விறாந்தையைத்தான் நினைவூட்டும். 2700 கெல்வின் என்று போட்ட வோர்ம் வைற் பல்ப்பைக் கேட்டு வாங்கி, முகட்டில் மாட்டாமல், இருக்கும்போது தோள் உயரத்துக்கு வரும்படி ஒரு விளக்கில் போட்டால், அதே அறை வேறு அறையாகத் தெரியும். மச்சாளின் மகள் வீட்டில் செலவு குறைந்த மாற்றமும், அதிகம் பலன் தந்த மாற்றமும் இதுதான்.

சுவரை மட்டும் மழைக்குள் தொட முடியவில்லை. அவள் திரும்பிப் போன பிறகு, அடுத்த ஆவணியில் உப்பிய பெயின்ற்றைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்தை எளிதில் பிடிக்கவிடாது, சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடும்.

தறிவீட்டுப் பிள்ளை, மருதமுனை

அஸ்ஸலாமு அலைக்கும். கல்லடி அக்கா பாயையும் விளக்கையும் சொன்னார், துணியை எனக்காக விட்டு வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் மூத்தாப்பா காலத்துக் குழித்தறிகள் மாரியில் ஓய்வெடுக்கும். கடற்கரை மணல் நிலம் என்பதால் நிலத்தடி நீர் மேலே வந்து, மிதிக்கட்டை இருக்கும் குழிக்குள் ஊறிவிடும். நெடுக்கு நூலான பாவுக்குப் போட்ட கஞ்சியும் வெயில் இல்லாமல் காயாது. ஆகவே மழைக்கு முன்னரே நெய்து முடித்த துணிகள்தான் அந்த மாதங்களில் வீட்டில் இருக்கும், அவற்றை வைத்தே உம்மா வீட்டை மாற்றுவார்.

அவர் செய்தது எளிமையான காரியம். கோடையில் தொங்கிய வெளிர் நிறத் திரைச்சேலைகளைக் கழற்றிவிட்டு, சாரத்துணிகளைத் தையல் பிரிக்காமலே யன்னல்களில் கோர்த்துவிடுவார். கடும் சிவப்பு, காவி, மரப்பட்டை நிறம் என்று கட்டம் போட்ட பருத்தித் துணிக்குப் பின்னால் மழை வெளிச்சம் வரும்போது, அறை முழுவதும் சற்று மஞ்சளாகிவிடும். செம்மஞ்சள் நிறம் வேண்டும் என்று வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து இப்போது பலர் பொலியெஸ்ரர் துணி வாங்குகிறார்கள். அது விரைவாகக் காயும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைத் தொட்டுப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை, மழை வெளிச்சத்தில் வேறு ஒரு மினுக்கம் காட்டும். எனக்குப் பிடிப்பதில்லை.

கைத்தறித் துணி வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புதுத் துணியில் நிற்கும் கஞ்சி, பூஞ்சணத்துக்கும் துணியை அரிக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் நல்ல தீனி. புது மணம் போய்விடும் என்று கழுவாமல் அலுமாரியில் வைத்த போர்வைகள், மாரி முடியும்போது மடிப்பு விளிம்பில் மஞ்சள் கறையோடு வெளியே வந்ததை எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரின் வீட்டில் கண்டிருக்கிறேன். வாங்கியவுடன் தனியாக ஒரு முறை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகே மடிக்க வேண்டும். ஈரத் துணிகளை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடும் வழக்கத்தையும் முடிந்தவரை நிறுத்த வேண்டும். அந்த நீரெல்லாம் காற்றில் கலந்து சுவரில்தான் போய் உட்காருகிறது. விறாந்தையின் தாழ்வாரத்தில் காற்றுப்பட விட்டு, கடைசி ஈரத்தை மின்னழுத்தியால் போக்குவதே எங்கள் வீட்டு வழக்கம்.

சிறு தோட்டம், அக்கரைப்பற்று

பச்சையாக ஏதாவது வைக்க வேண்டும் என்று போத்தலில் தண்ணீர் ஊற்றி மணிப்பிளான்ற் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெங்கு நுளம்பு தெளிந்த நீரில் முட்டையிடும், முட்டை நுளம்பாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாட்கள் போதும். சென்ற மாரியில் எங்கள் வீட்டுக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், முற்றத்தைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்து மேசையில் இருந்த போத்தலைத்தான் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு வேர்களை மண்ணுக்கு மாற்றிவிட்டேன், சாடிக்கு அடியில் இருந்த தட்டுகளையும் எடுத்துவிட்டேன். உலர்ந்த இலையில் நிறம் வேண்டுமானால் நாட்டு வாதுமை மரத்தடிக்குப் போங்கள். நம் ஊரில் விழுவதற்கு முன் சிவக்கும் இலை அதுதான், ஒரு தட்டில் பரப்பி வைத்தால் சில நாட்களுக்கு அழகாக இருக்கும். பிறகு வீசிவிடலாம், காசும் இல்லை.

முன்மாரிக்காரன், படுவான்கரை

கடற்பக்கத்து எழுவான்கரை அக்காமார் மண்டபத்தையும் யன்னலையும் எழுதியிருக்கிறார்கள். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் அதே மாதங்கள் முன்மாரி என்ற பெரும்போக வேளாண்மையின் விதைப்புக் காலமாக இருப்பதால், வீட்டை இதமாக்கும் வேலை வாசலிலிருந்து தொடங்குகிறது. வயலிலிருந்து வருபவரின் கால் சேறு உள்ளே வந்துவிட்டால், எந்தப் பாயும் எந்த விளக்கும் பயன்படாது. எங்கள் வீட்டில் மழைக்கு முன் செய்யும் முதல் வேலை, வாசலடியில் ஒரு கருங்கல்லும், பக்கத்தில் தண்ணீர் வாளியும், அதற்கு உட்புறம் மடித்த சாக்கும் வைப்பது. சாக்குகளை இரண்டு மூன்றாக வைத்திருந்து, நனைந்ததை அடுப்படியில் காயவிட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது கூரை. அம்மா 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர். ஆகையால் எங்கள் வீட்டில் அலங்காரம் என்ற பேச்சு எழுந்தாலும், பீலியில் இலை அடைத்திருக்கிறதா, ஓடு விலகியிருக்கிறதா, கூரைக்கு மேலே சாய்ந்த தென்னை இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது தொடரும். கார்த்திகை மாதத்தில் விறாந்தையில் சங்குச் சரமோ கண்ணாடி விளக்கோ தொங்கவிட அவர் இன்றுவரை சம்மதிப்பதில்லை. காற்று எடுத்தால் அதெல்லாம் கல்லாகிப் பறக்கும் என்பார். வங்கக் கடலில் தாழமுக்கம் என்ற செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வதே சரியென்று எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் இந்த வீட்டின் உண்மையான இதம் குசினியில்தான் இருக்கிறது. சமையல்வாயு அடுப்பு வந்து பல காலமாகியும், மாரிக்காக விறகடுப்பை அம்மா விட்டு வைத்திருக்கிறார். புரட்டாதிக்குள் விறகைப் பிளந்து தாழ்வாரத்தின் உட்பக்கம் அடுக்கிவிடுவார், நனைந்த விறகு புகையைத் தவிர வேறொன்றையும் தராது. அடுப்படிச் சுவரோடு இரண்டு பலகைகள் போட்டிருக்கும். மழை நின்றுகொண்டு பெய்யும் பின்னேரங்களில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருக்க, கட்டைச்சம்பல் இடிபட, வீட்டில் உள்ள அனைவரும் ஒருவர்பின் ஒருவராக அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். கொழும்பில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தால், மண்டபத்தில் புதிதாக வாங்கிய சோபாவை விட்டுவிட்டு அந்தப் பலகையில்தான் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயோடு உட்காருகிறாள். சோபாவுக்குக் கொடுத்த காசை நினைத்து நான் எதுவும் சொல்வதில்லை.

விளக்கைப் பற்றி அக்கா எழுதியதோடு ஈசலையும் சேர்க்க வேண்டும். முதல் பெருமழை விட்ட அந்திப் பொழுதில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல் வெள்ளை வெளிச்சத்துக்கே கூட்டமாக வரும், மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவு. அன்று ஒரு மணித்தியாலம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, முற்றத்து மூலையில் ஒரேயொரு விளக்கை ஏற்றி, அதற்கடியில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடும். இல்லாவிட்டால் மறுநாட் காலையில் பாயின் பின்னலுக்குள் சொருகிய சிறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். விளக்குமாற்றுக்கு அவை அசையமாட்டா.

கார்த்திகை விளக்கீட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டில் தாராளம். வாசலில் வாழைக்குற்றி நாட்டி, சிட்டிகளில் எண்ணெய் ஊற்றி, வளவுச் சுற்றிலும் ஏற்றுவோம். மழை பெய்தால் அவற்றை விறாந்தைக் குந்துக்கு மாற்றுவோம். அம்மா அந்த ஒரு நாளில் எதையும் தடுப்பதில்லை.

ஒரு கேள்வி: நுளம்புக்கும் ஈர வாடைக்கும் சேர்த்துச் சாம்பிராணி போடும்போது, தணலை இரவு முழுவதும் அறைக்குள் வைத்திருக்கலாமா? சூடும் கிடைக்கும் என்று என் மனைவி கேட்கிறார்.

வாவிக்கரை, கல்லடி

தம்பி, கட்டாயம் வைக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். அடைத்த அறையில் கரித்தணல் எரிந்தால் காபனோரொட்சைட்டு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, நித்திரையில் இருப்பவருக்குத் தெரியவே வராது. பின்னேரம் யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு அறை அறையாகப் புகை காட்டிவிட்டு, தணலை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகு, நுளம்பு வலையைப் போட்டுக்கொண்டு படுக்கட்டும். சாம்பிராணி வாடை அரைநாள் நிற்கும், அது போதும். சூட்டுக்குப் போர்வை ஒன்றே அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும். மருதமுனைத் தங்கச்சியிடம் கேட்டால் கழுவிக் காயவைத்த ஒன்றை எடுத்துத் தருவார்.