பிரிட்ஜில் வைத்ததும் கலங்கிவிடும் வீட்டு பியர்: கெட்டுவிட்டதா?

கேள்வி:
டொராண்டோவில் இருக்கிறேன். மூன்றாவது முறையாக 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிற பியர் வகை) போட்டேன். பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் வெளியில் இருந்தவரை கண்ணாடி போலத் தெளிவு. ஓர் இரவு பிரிட்ஜில் வைத்து எடுத்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. வாசனை, ருசி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. கடைசியாக நிரப்பிய இரண்டு பாட்டில் மட்டும் பழுப்பாகக் கறுத்திருக்கிறது. அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன். மனசே சரியில்லை.

பதில் 1:
தம்பி, கவலைப்படாதீர்கள். ஒரு கிளாஸ் ஊற்றி வெளியில் வையுங்கள். சூடு ஏற ஏறக் கலங்கல் மறைந்தால் அது குளிர்க் கலங்கல். மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) புரதமும், மால்ட், ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) இரண்டிலும் உள்ள பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் குளிரில் ஒட்டிக்கொள்கின்றன, சூட்டில் பிரிந்துவிடும். குடிக்க ஒரு கேடும் இல்லை. மறையாவிட்டால் மிதக்கும் ஈஸ்ட் அல்லது மாவுச்சத்தாக இருக்கலாம். புளிப்போ மேலே ஆடையோ வந்தால் கிருமி என்று சந்தேகப்பட வேண்டும்.

இருக்கிற பாட்டில்களை இரண்டு மூன்று வாரம் பிரிட்ஜில் அசைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். மண்டியை விட்டுவிட்டு, சாய்த்த கையை நிமிர்த்தாமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும்.

பதில் 2:
அந்த இரண்டு பாட்டில் வேறு கதை. வாளி காலியாகும் நேரத்தில் குழாய் காற்றை இழுத்திருக்கும், பியர் சளசளவென்று விழுந்திருக்கும். ஆக்சிஜன் பட்டால் நிறம் கறுக்கும். அதற்கு மருந்து இல்லை. அடுத்த தடவை குழாய் நுனி பாட்டிலின் அடியைத் தொடட்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அடுத்த முறை பியர் தெளிய ஜெலட்டின் போடலாமா? அத்தான் சைவம், அதுதான் யோசனை.

பதில் 1:
ஜெலட்டின் நன்றாக வேலை செய்யும். அரை டீஸ்பூனை 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் கரைத்து, கொதிக்க விடாமல், ஏற்கெனவே குளிர்ந்த பியரில் சேர்த்தால் இரண்டு மூன்று நாளில் தெளியும். ஊரில் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசுவார்களே, அதேபோல மிதப்பதைத் திரட்டி அடியில் இறக்கும். ஆனால் அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. மீனின் காற்றுப்பையில் செய்யும் ஐசிங்கிளாஸும் அத்தானுக்கு ஆகாது.

அவருக்காக என்றால் ஐரிஷ் மாஸ் போடுங்கள். கடற்பாசிதான். கொதியின் கடைசி 15 நிமிடத்தில் ஒரு டீஸ்பூன். அப்புறம் வோர்ட்டை (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய மால்ட் சாறு) எவ்வளவு சீக்கிரம் ஆற்றுகிறீர்களோ அவ்வளவுக்குப் புரதம் திரிந்து இறங்கும். என் அனுபவத்தில் பாதிக் கலங்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

பதில் 2:
பியர் நொதிக்கும் பெர்மென்டர் வாளியையே குளிரவைப்பதாக இருந்தால் ஏர்லாக்கை (மூடியில் வாயுவை வெளியே விடும் தண்ணீர் அடைப்பு) கவனியுங்கள். உள்ளே வாயு சுருங்கும்போது வெளிக்காற்றையும் ஏர்லாக் தண்ணீரையும் உள்ளே இழுத்துவிடும். பிறகு 20 லிட்டரும் பழுப்பாகும்.

கேட்டவர்:
இப்போதுதான் பார்த்தேன். கிளாஸைக் கையில் பொத்தி வைத்திருந்தேன். முதலில் ஓரம் தெளிந்தது, கால் மணி நேரத்தில் பின்னால் இருந்த காலண்டரின் எண்களைப் படிக்க முடிந்தது. பழுப்பு பாட்டிலில் ஒன்றையும் திறந்தேன். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. இரண்டையும் கொட்டிவிட்டேன். மற்றவை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிற்கின்றன.